சம்பூர்ணம் மார்க் மாட்டுத்தீவனம்

ஜனவரி 3, சனி

இன்று காலை என் மனைவி எதிர்க்கடையில் மாட்டுத்தீவனம் வாங்கினாள்.

நான் தீவனக்கடைக்காரன். காளியண்ணன் என்றால் கோபிக்குக் கிழக்கே மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரிசி மில் தவிட்டைச் சைக்கிளில் கட்டி வீடு வீடாக விற்றவன் நான். இன்று சொந்தமாக அரவை மில், கலவை மெஷின், கடை, குடோன் என்று வந்திருக்கிறேன். மூட்டையின்மேல் சிவப்பு மையில் என் மனைவி பெயரைத்தான் அச்சடித்திருக்கிறேன்: சம்பூர்ணம் மார்க் மாட்டுத்தீவனம். அந்தச் சம்பூர்ணம்தான் பட்டப்பகலில் ரோட்டைக் கடந்து, நல்லமுத்து கடையில் கம்பெனித் தீவனம் இரண்டு மூட்டை வாங்கி, மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, என் கடை வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனாள். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூட்டையை நல்லமுத்து தானே தூக்கி வைத்தான். முதுகுவலி என்று காசு எண்ணக்கூடக் குனியாதவன் அவன்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன்.

"ஏம்புள்ள, நம்ம குடோன்ல சரக்கு தீந்துருச்சுன்னு எவனாச்சும் சொன்னானா?"

"சரக்கு இருக்குதுங்க. உங்க தீவனத்த மாடு நல்லாத்தான் திங்குது. உள்ள போனது அப்படியே வெளிய வந்துருது. உள்ள தங்கற தீவனமா ஒண்ணு வாங்கிப் பாக்கலாம்னு போனனுங்க."

"அதுக்கு அவன் கடையா?"

"ஊர்ல இருக்கறது ரெண்டே கடை."

எனக்கு ரத்தக்கொதிப்பு. கத்தக் கூடாது, கோபம் வந்தால் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த டைரி பருத்திக்கொட்டைக் கம்பெனிக்காரன் கொடுத்த ஓசி. பக்கம் போதுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

கொல்லையில் இன்று ஒரு காட்சி. எனக்காகவே ஏற்பாடு செய்திருந்தாள்.

காலையில் எங்கள் கறவை மாடு செவலை போட்ட சாணியை ஒரு வாளியில் எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, முறுக்கு மாவு சலிக்கிற சல்லடையில் கொட்டினாள். நான் போட்ட சத்தம் அவள் காதில் ஏறவில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றி அலசினாள். பச்சைத் தண்ணீர் ஓடி முடிந்ததும் சல்லடையில் மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம் நின்றது. பாதி உடைந்தது கொஞ்சம். முழுசும் இருந்தது. அதை என் துண்டின்மேல் பரப்பினாள்.

"பாருங்க. பல்லுக்கூடப் படல. உள்ள போயிக் குளிச்சுட்டு வந்திருக்குது. நட்டு வெச்சா மொளைக்குமுங்க."

"மாட்டுக்கு நாலு அறை வயிறு, புள்ள. அசை போட்டு அரைக்கத்தான் ஆண்டவன் வாயக் குடுத்திருக்கறான். மில்லும் அரைச்சு மாடும் அரைக்கறதுக்கு, ஒரு வேலைக்கு ரெண்டு கூலியா?"

"அசை போடறது சோளத்தட்டையும் புல்லையுந்தானுங்க. சோளம் கனம். அது அடியில போயி உக்காந்துக்கிட்டு அப்படியே பொறத்தால போயிருது."

"இதெல்லாம் உனக்கு எவன் சொன்னான்?"

"சாணி அள்ளறவ நானுங்க. நீங்க மூட்டையத்தான அள்றீங்க?"

எருக்குழிமேல் எங்கள் வீட்டுக் கோழிகள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நின்று கொத்திக்கொண்டிருந்தன. முட்டை கூடியிருக்கிறதே என்று போன வாரம் நானேதான் சந்தோஷப்பட்டேன். செவலையின் விலா எலும்பு தெரிகிறது. கோழிகளுக்குக் கழுத்துத் தெரியவில்லை.

துண்டு வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

சந்தை நாள். மாட்டுச்சந்தைக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு மூட்டை எடுப்பார்கள். வாரத்தில் பாதி வியாபாரம் இந்த ஒரு நாளில்தான். நின்று தண்ணீர் குடிக்க நேரமில்லை. காய்ச்சல் வந்தாலும் செவ்வாய்க்கிழமை கடையை மூடியதில்லை.

சல்லடை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். என் அரவை மில்லில் அடியில் ஒரு இரும்புச் சல்லடை உண்டு. ஓட்டை சின்னதாக இருந்தால் சோளம் நொய்யாகும் வரை உள்ளேயே கிடந்து அடிபட வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் ஒரு அடி வாங்கிவிட்டு வெளியே வந்துவிடும். தீபாவளிக்கு முன்பு நெருக்கடி. பெரிய ஓட்டைச் சல்லடையை மாட்டினேன். அதே கரண்டில் ஒன்றுக்கு இரண்டாக மூட்டை இறங்கியது. மோட்டார் சூடாகவில்லை. நெருக்கடி முடிந்த பிறகும் சல்லடை அப்படியே இருந்தது. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. சோளம் அதே சோளம், எடை அதே எடை. யாரும் குறை சொல்லவும் இல்லை.

என்னிடம் சொல்லவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பால் சொசைட்டிச் செயலாளர் சென்னியப்பன் கடைக்கு வந்தார். உட்காருங்கள் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அப்போதே தெரிந்தது, நல்ல சேதி இல்லை.

"அண்ணா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. உங்கூட்டு மாடே உங்க தீவனத்த வேண்டாங்குதாமா?"

"மாடு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

"மாடு சொல்லலீங்க. அக்கா ஊத்தற பால் சொல்லுதே. புரட்டாசியில கேன் நெறைய வந்துச்சு. இப்ப கேன் பாதிதான். வரிசையில நிக்கறவங்க எட்டிப் பாக்கறாங்கல்லோ?"

விஷயத்துக்கு வந்தார். சொசைட்டியில் அறுபது சொச்சம் உறுப்பினர்கள். எல்லோருக்கும் வருஷம் முழுவதற்கும் தீவனம் ஒரே இடத்தில் எடுத்து, பால் பணத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. யாரிடம் எடுப்பது என்று ஜனவரி 26 கூட்டத்தில் கையைத் தூக்கிச் சொல்லப் போகிறார்கள். நானா, நல்லமுத்துவா. இந்த ஆர்டரை நம்பித்தான் நான் கலவை மெஷினே போட்டேன். கிடைக்காவிட்டால் மில்லில் மாவு இடியாப்பத்துக்குத்தான் அரைக்க வேண்டும்.

"சம்பூர்ணக்காவும் மெம்பர்தானுங்களே. கூட்டத்துல எல்லாரும் அவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்றார். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பாதி வடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

ஜனவரி 10, சனி

இரண்டு நாள் யோசித்தேன். மாவாக வேண்டுமா உனக்கு? மாவாகவே தருகிறேன்.

மில்லில் இருப்பதிலேயே சின்ன ஓட்டைச் சல்லடை, மசாலா அரைக்க வாங்கியது, அதை மாட்டினேன். மோட்டார் அழுதது. வீட்டுக்கென்று நாலு மூட்டை அரைத்தேன். விரலில் தொட்டால் முகப்பவுடர் மாதிரி ஒட்டியது. நானே கொண்டுபோய் இறக்கினேன்.

"இந்தா. தொட்டியில போடு, மூஞ்சியில பூசிக்க, உன்ற இஷ்டம். இதுல ஒரு சோளம் முழுசா வெளிய வந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துக்கறேன்."

அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு நைசா வேணுமுங்களா?"

பெண்பிள்ளையைத் திருப்திப்படுத்துவதற்கு இன்னும் மெஷின் கண்டுபிடிக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

செவலை தொட்டியை நக்கி நக்கிப் பளபளப்பாக்கிவிட்டது. இன்னும் போடு என்று கத்துகிறது. சம்பூர்ணமும் ஆசையாகக் கூடக் கொஞ்சம் போடுகிறாள். பால் கேன் நிறைகிறது. நேற்றும் இன்றும் சல்லடையில் அலசிப் பார்த்தாள். ஒரு தூசி நிற்கவில்லை. கோழிகள் எருக்குழியைச் சுற்றிவந்து ஏமாந்து நிற்கின்றன.

கம்பெனி மூட்டை பிரித்தது பிரித்தபடி மூலையில் கிடக்கிறது. அதன்மேல் நான் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டேன்.

செவலையும் முன்போல வாயை அசைத்துக்கொண்டே நிற்பதில்லை. அமைதியாகப் படுத்திருக்கிறது. அவ்வளவு திருப்தி.

ஜனவரி 14, புதன்

சென்னியப்பனைச் சொசைட்டியிலேயே போய்ப் பார்த்தேன். நாளை மறுநாள் பட்டிப் பொங்கல், உறுப்பினர்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வர வேண்டும், எல்லோர் முன்னாலும் சாணியை அலசிக் காட்டுகிறேன் என்றேன். வாயைப் பிளந்தார்.

"பொங்கலும் அதுவுமா சாணியவா அண்ணா காட்டப் போறீங்க?"

"மாட்டுக்குத்தானப்பா பொங்கல். வேறென்னத்தக் காட்டறது?"

பால் ஏறிவிட்டது பார்த்தீர்களா என்று கேட்டேன். ஏறியிருக்கிறது, கொழுப்புதான் மெஷினில் கொஞ்சம் இறங்கிக் காட்டுகிறது என்றார். பனிக்காலத்தில் எந்த மெஷின்தான் ஒழுங்காகக் காட்டும் என்றேன். அவரும் ஆமாம் என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு ஜோடி எண்பது ரூபாய் சொல்கிறான். கொள்ளைக்காரன்.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப் பொங்கல். நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். இது தேர்தல் கூட்டமா, பொங்கலா என்று எனக்கே சந்தேகம்.

செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, ஆவாரம்பூ மாலை போட்டிருந்தாள் சம்பூர்ணம். பட்டியில் சின்னதாகத் தெப்பம் கட்டித் தண்ணீர் விட்டு, கரையில் கரும்பு நட்டு, பானை பொங்கியதும் எல்லோரும் "பட்டி பெருக! பால் பொங்க!" என்று சத்தம் போட்டார்கள். செவலையைத் தெப்பம் மிதிக்கவிட்டோம்.

பிறகு நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தேன். சாணி இளகலாக இருந்ததால் கரைக்க வேண்டிய வேலையே இல்லை. சல்லடையில் ஊற்றினேன், அலசினேன், தூக்கிக் காட்டினேன். வெயிலில் சல்லடைக் கம்பிதான் மின்னியது. ஒரு சோள மணி இல்லை. கை தட்டினார்கள். ஒருவர் மட்டும், "என்னங்க இது, நொர நொரயா வருது?" என்று கேட்டார். "அவ்வளவு சுத்தம்" என்றேன். சிரித்தார்கள்.

பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால் மாட்டுக்கு வெறும் கையோடு நிற்பார்களா? ஆளுக்கொரு உருண்டை சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், வெல்லம். செவலையும் யாரையும் புண்படுத்தவில்லை. ஒவ்வொருவரிடமும் வாங்கித் தின்றது.

சம்பூர்ணம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "போதுமுங்க. வகுறு திம்முனு இருக்குது."

"வந்தவங்க கைய நீட்டறப்ப மாட்ட இழுத்துக் கட்டச் சொல்றியா? சும்மா இரு. இருபத்தாறாம் தேதி வரைக்கும் சும்மா இரு."

கடைசி உருண்டையை நான் கொடுத்தேன். எல்லாவற்றிலும் பெரியது.

சென்னியப்பன் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான்.

ஜனவரி 17, சனி

செவலை எழுந்திருக்கவில்லை.

காலையில் சம்பூர்ணம் கூப்பிட்ட குரலில், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இடதுபக்க வயிறு மேளம் மாதிரி. கண் உள்ளே போயிருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. அசை போடவில்லை. கழிந்த சாணி சாம்பல் நிறத்தில் கஞ்சி மாதிரி, புளித்த வாடை. மூக்கைப் பொத்தாமல் கிட்டே போக முடியவில்லை.

விடுமுறை என்றாலும் மாட்டு டாக்டரம்மா மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். வயிற்றில் கையை வைத்து ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"பொங்கலுங்க" என்றேன் நான்.

"மாவுங்க" என்றாள் அவள்.

நான் அரைத்த மாவைக் கொண்டுவந்து காட்டினாள். டாக்டரம்மா விரலால் தேய்த்துப் பார்த்தார். "இத மாட்டுக்கு அரைச்சீங்களா, மசாலாவுக்கு அரைச்சீங்களா?"

மசாலாச் சல்லடையைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

அவர் சொன்னது இதுதான். சோளம் முழுசாகப் போனால் மாட்டுக்குப் பயன் இல்லாமல் வெளியே வந்துவிடும், நஷ்டம், அவ்வளவுதான். மாவாகப் போனால் உள்ளே ஒரே சமயத்தில் புளித்துப் பொங்கும். அதன்மேல் வெல்லமும் சோறும். வயிறே புளித்த தொட்டியாகிவிட்டது. தீவனத்தைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர் எல்லாம் அந்தப் புளிப்பில் செத்துவிட்டது. குழாய் விட்டுச் சோடா உப்புக் கரைசல் இறக்கினார், ஊசி போட்டார். நாளை இரவுக்குள் அசை திரும்பவில்லை என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார்.

"நல்லாருக்கற மாட்டு வாயிலருந்து அசைக் கவளம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க. உள்ள திரும்ப உயிர் பிடிக்கணும். ஆனா பொங்கல் தின்ன மாடா இருக்கக் கூடாது. அதோட வயிறும் இப்படித்தான் கலங்கியிருக்கும்."

பட்டிப் பொங்கலுக்கு மறுநாள். பொங்கல் தின்னாத மாட்டுக்கு நான் எங்கே போவேன்?

டாக்டரம்மா போனதும் சம்பூர்ணம்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லமுத்தண்ணன் ஊட்ல இந்த வருசம் பொங்கல் இல்லீங்க."

ஆமாம். அவன் தாயார் கார்த்திகையில் இறந்துபோனார். துக்க வருஷம். பானை வைக்கவில்லை, மாட்டுக்கு மாலைகூடப் போடவில்லை.

"அவங்கிட்டயா? போயும் போயும் அவங்கிட்டயா?"

"பால் உறைய உறைமோர் வாங்கப் பக்கத்தூட்டுக்குப் போறதில்லீங்களா? அது மாதிரிதானுங்க." பிறகு சொன்னாள். "நான் போயிருவனுங்க. ஆனா ஒருக்கா நான் அங்க போனதுக்கே நீங்க பத்து நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

நானே போனேன்.

நல்லமுத்து கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். சேதி அவனுக்கு முன்பே வந்திருக்கிறது. எழுந்து நின்றான்.

"வாங்கண்ணா. தினமும் காலம்பற என்ற கடையப் பாத்துத் துப்புவீங்க. இன்னைக்கு என்ற மாட்டு வாயில கைய உட வந்திருக்கீங்களா?"

"துப்புனது வெத்தலை, நல்லமுத்து."

"வெத்தலைன்னு தெரியுமுங்க. அது ஏன் ஒருநாளாச்சும் வேற பக்கம் போக மாட்டேங்குதுன்னுதான் கேக்கறேன்."

சொல்லிக்கொண்டே பட்டிக்கு நடந்தான். அவன் மாடு கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், என் வீட்டுப் பட்டியில் ஒரு வாரமாக அந்தச் சத்தமே இல்லை என்று எனக்கு உறைத்தது. நாக்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கையை உள்ளே விட்டு, பச்சைக் கவளத்தை எடுத்து எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டான். அது அடுத்த கவளத்தை மேலே கொண்டுவரும் வரை காத்து நின்றோம். அதையும் எடுத்தான். சூடு ஆறக் கூடாது என்று தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தூக்கைச் சுற்றிக் கொடுத்தான்.

பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரம் பேசி முடித்திருப்பேன். இப்போது இதை எந்தக் கணக்கில் வைப்பது?

ஜனவரி 18, ஞாயிறு

காலையிலும் மத்தியானமும் தூக்கை எடுத்துக்கொண்டு நல்லமுத்து வீட்டுக்குப் போனேன். செவலை தலையைத் தரையில் போட்டிருக்கிறது. டாக்டரம்மா வந்து இன்னொரு முறை உப்புக் கரைசல் இறக்கினார்.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சம்பூர்ணம் மார்க் தீவனம் தின்று சம்பூர்ணத்தின் மாடே சாகப்போகிறது என்று. டீக்கடையில் நான் போனதும் எல்லோரும் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

அவள் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தொலைத்தால் பதில் சொல்லலாம்.

ஜனவரி 19, திங்கள்

அதிகாலையில் ஒரு தரம் வாய் அசைந்தது. கனவோ என்னவோ, நின்றுவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

கடை திறக்கவில்லை. கூட்டம் அவ்வளவு இருக்காது என்று தோன்றியது.

பதினொரு மணிவாக்கில் செவலை முன்னங்காலை ஊன்றி எழுந்தது. சம்பூர்ணம் கொஞ்சம் சோளத்தட்டைக் கையில் வைத்து நீட்டினாள். வாங்கியது. மென்றது. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. அசை போட ஆரம்பித்தது.

சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எருக்குழியில் ஒரு வேலை இருந்தது. போய்விட்டு வந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

எல்லாச் சல்லடைகளையும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஓட்டைகளை விரல் விட்டுப் பார்த்து, நடுவில் இருந்த ஒன்றை எடுத்தாள். அதில் அரைத்தால் சோளம் ரவையும் நொய்யுமாக விழுகிறது. டாக்டரம்மா பார்த்துச் சரி என்றார். ஆனால் செவலைக்கு இப்போதைக்குத் தட்டும் தண்ணீரும்தான். அப்புறம் ஒரு கை, இரண்டு கை என்று ஏற்ற வேண்டுமாம். இந்தச் சல்லடையில் மூட்டை இறங்குவது மெதுவாகத்தான் இறங்குகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் என் வயிறு எரிகிறது.

கூட்டத்தில் என்ன சொல்வது என்று சாப்பிடும்போது பேசினோம்.

"பொங்கல் தின்னு வகுறு வீங்கிருச்சுன்னு சொல்லீரலாம். அது பொய்யில்லீல்ல?"

"பாதி நெசமுங்க. நாப்பது பேரும் அவங்கவங்க ஊட்டு மாட்டுக்கும் பொங்கல் ஊட்டிட்டுத்தான் வந்தாங்க. அதுக எல்லாம் நின்னுட்டுத்தானுங்க இருக்குது?"

"வியாபாரி கூட்டத்துல எந்திரிச்சுத் தப்பச் சொன்னா அன்னையோட கடைய மூட வேண்டியதுதான்."

"சொல்லாட்டி அவங்களே ஒண்ணு சொல்லிக்குவாங்க. அது இதவிடப் பெருசா இருக்கும். என்ற பேரு மூட்டைமேல இருக்குதுங்க. எங்கிட்டக் கேட்டா எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுவேன்."

"எனக்கு எதிரா கையத் தூக்குவியா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன். கையப் பத்தி அப்பறம் பாக்கலாம்."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பேச்சை எந்த வியாபாரியிடமும் கேட்டதில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் சொசைட்டிக் கட்டடத்தில் கூட்டம். நான் ஒரு ஓரம், நல்லமுத்து ஒரு ஓரம். சென்னியப்பன் நேராக அவளிடமே கேட்டார்.

"அக்கா, உங்க மாட்டுக்கு இப்ப யாரு தீவனம் போடறீங்க?"

சம்பூர்ணம் எழுந்தாள். "யாருதும் இல்லீங்க. சோளத்தட்டும் தண்ணியும்."

கூட்டம் சலசலத்தது.

"எங்க மில்லுல தீபாவளியிலருந்து அரைச்சது தடி. அது உங்க மாட்டுச் சாணியிலயும் வந்திருக்கும், போயி அலசிப் பாருங்க. பொறகு எங்கூட்டுக்குன்னு அரைச்சது மாவு. அதுல மாடு படுத்துருச்சு. போன வாரம் நல்லமுத்தண்ணன் மாட்டு அசையிலதான் எங்க மாடு பொழைச்சுது." உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி மறைக்க மிச்சம் எதுவும் இல்லை. மறைக்க எதுவும் இல்லாதபோது வியாபாரி செய்யக்கூடியது ஒன்றுதான். எழுந்தேன்.

"தடியா அரைச்சதும் நான். மாவா அரைச்சதும் நான். ரெண்டையும் என்ற மாடே தின்னு பாத்துருச்சுங்க. இனி உங்க மாடு பாக்க வேண்டியதில்ல. நல்லமுத்து விக்கற கம்பெனிக்காரன் எந்தச் சல்லடையில அரைக்கறான்னு நல்லமுத்துக்கே தெரியாது. என்ற சல்லடை எதுன்னு இன்னைக்கு ஊருக்கே தெரியும்."

யாரோ சிரித்தார்கள். நல்லமுத்துவும் சிரித்தான். "அது வாஸ்தவந்தானுங்க" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு மணி நேரம் கத்தினார்கள். முடிவு: வருஷ ஆர்டர் யாருக்கும் இல்லை. பங்குனி முடியும் வரை பாதி எனக்கு, பாதி நல்லமுத்துவுக்கு. வாரம் ஒரு நாள் சொசைட்டி வாசலில் எந்த மாட்டுச் சாணியை வேண்டுமானாலும் அலசிப் பார்ப்பார்கள். என் மூட்டை தின்ற மாட்டுச் சாணியில் முழுச் சோளம் வந்தால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை ஆயிரத்து முந்நூற்று இருபது, இறக்குக்கூலி என்னுடையது. சம்பூர்ணம் கையைத் தூக்கினாள். எதற்கு என்றால், சல்லடை யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளச் சொல்வதற்கு. யார் பொறுப்பு என்று சென்னியப்பன் கேட்டார். "நானுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பொறுப்புன்னா என்ன, சும்மாவா வருவே?"

"சும்மா வந்தா நீங்க சொன்னபடிதான் கேக்கோணும்."

எட்டாயிரம் என்றேன். பதினைந்து என்றாள். பெண்டாட்டிக்குச் சம்பளம் கொடுத்தவன் ஜில்லாவிலேயே உண்டா என்று கேட்டேன். பெண்டாட்டி பேரில் மூட்டை விற்றவன் மட்டும் உண்டா என்றாள். கடைசியில் முடிந்தது: மாதம் பன்னிரண்டாயிரம், முதல் தேதி, ரொக்கம். சல்லடை மாற்றும் ஸ்பானர் அவளிடம். அவள் வந்து பார்க்காமல் மோட்டார் சுவிட்சைப் போடக் கூடாது. செவ்வாய்க்கிழமை மட்டும் காலை ஏழுக்கே வருவாள். அதற்கு மொபெட்டுக்குப் பெட்ரோல் தனி.